பூட்டிய வீட்டின் பங்கு

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் சாலையிலும் மேலூர்ச் சாலையிலும் சென்ற முப்பது ஆண்டுகளில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில், எதை எடுத்துக்கொண்டாலும், ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில இருக்கவே இருக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ உத்தியோகம் பார்க்க, அவர்களோடு போய்த் தங்கிவிட்ட பெற்றோர், வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வந்து பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும் வீடுகள் அவை. அவற்றின் சொந்தக்காரர்களில் அநேகர் மாத மெயின்டனன்ஸ் தொகையைத் தவறாமல் அனுப்பிவிடுகிறார்கள். சிலரோ, "நாங்கள் அங்கே குடியிருக்கவே இல்லையே, தண்ணீர் செலவழிக்கவில்லை, லிப்டில் ஏறவில்லை, எதற்குப் பணம்?" என்று கேட்கிறார்கள். லிப்டுக்கு ஏன் தரவேண்டும் என்று கீழ்த்தளத்து வீட்டுக்காரர் கேட்பதும் இதே வகைக் கேள்விதான். கேட்பவர்கள் வஞ்சக நெஞ்சினர் அல்லர். தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக மனப்பூர்வமாக நம்பியே கேட்கிறார்கள். ஆதலால் அவர்களுக்குக் கோபத்தை விடுத்து நியாயத்தைக் கொண்டே விடை சொல்லவேண்டும்.

அந்த விடை அவரவர் கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர் நான்கு சுவருக்குள் அடங்கிய இத்தனை சதுர அடியை மட்டும் வாங்குவதில்லை. மனையில் பிரிபடாத பாகம் ஒன்றையும், அதன்மேல் நிற்கும் அஸ்திவாரம், தூண், படிக்கட்டு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவற்றிலும் தமக்குரிய பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். பூட்டிய வீட்டின் பங்கும் அந்தத் தூண்களில்தான் நிற்கிறது. ஐப்பசி மழை மொட்டைமாடியில் விழும்போது, கீழே எந்த வீட்டில் விளக்கெரிகிறது என்று பார்த்து விழுவதில்லை. மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறது: பொதுவசதியை உபயோகிப்பதில்லை என்று கூறியோ, வீட்டையே விட்டுவிட்டுப் போயோ, பொதுச்செலவில் தம் பங்கிலிருந்து எவரும் விலகிக்கொள்ள முடியாது. நம் மாநிலத்தில் 1994-இல் இயற்றிய சட்டத்தை நீக்கிவிட்டு 2022-இல் புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் சட்டப் புத்தகத்தைக் காட்டிப் பணம் வசூலிக்கவேண்டிய நிலைக்கு ஒரு கட்டடம் வந்துவிட்டதென்றால், அங்கே சௌஜன்யம் முன்னமே போய்விட்டதென்றுதான் பொருள்.

இந்தத் தயக்கத்துக்குத் திருச்சிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே வீடு வாங்கியவர்களில் பெரும்பங்கினர் பொன்மலை ரயில்வே காலனியிலும், 1965-இல் தொடங்கிய பாரத மிகுமின் நிலையத்தின் கைலாசபுரம் குடியிருப்பிலும் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர்கள். குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்தால் போதும், ஆள் வந்துவிடும். வெள்ளையடிப்பு, சாக்கடை, தெருவிளக்கு யாவும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு ஆகும் செலவு குடியிருப்பவரின் கண்ணில் பட்டதே இல்லை. பணி ஓய்வுக்குப் பின் வந்த பணத்தில் ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கிக் குடிபுகுந்த முதல் மாதமே ஒரு ரசீது கதவைத் தட்டும்போது, அது அவர்களுக்கு ஏதோ அபராதம் போலத் தென்படுவதில் வியப்பில்லை. அதே மனிதர்களிலிருந்துதான் மிகச் சிறந்த செகரட்டரிகளும் கிடைக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பொறுப்பேற்ற கட்டடத்தில் ஒரு மோட்டார் பெல்ட்டுக்குக்கூட வவுச்சர் இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிக் குளியலறைத் தரையில் ஓடுகளுக்கிடையே பூசிய சிமென்ட் சற்றே பெயர்ந்திருந்தது. அங்கே ஊறிய தண்ணீர் இரண்டாம் மாடியின் கூரையில் முதலில் கையகலப் பழுப்புக் கறையாகத் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் பூச்சு உப்பி உதிர்ந்து, உள்ளே துருப்பிடித்துப் பருத்த கம்பி வெளியே தெரிந்தது. துருவேறிய கம்பி தன் பழைய கனத்தைவிடப் பெருகும். பெருகும்போது கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த வழியே மேலும் ஈரம் புகும். அற்பச் செலவில் ஒரு கொத்தனார் அரைநாளில் முடித்திருக்கக்கூடிய வேலை, மேல்வீட்டாரின் செலவா, கீழ்வீட்டாரின் செலவா, சங்கத்தின் செலவா என்ற தர்க்கத்தில் கிடந்தே இத்தனை தூரம் வந்துவிட்டது. பழைய உத்தர வீதி வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர் நிற்கும். அதைப் பூசும்போது இரு வீட்டாரும் பேசிக்கொண்டு பாதிப் பாதி கொடுத்தார்கள். இன்று நம் கூரையும் தரையும்கூடப் பொதுவாகிவிட்டன, பேசிக்கொள்வதோ குறைந்துவிட்டது.

பணம் கொடுக்கிறவருக்குக் கடமை இருப்பதுபோல் வாங்குகிறவருக்கும் உண்டு. உத்தரமேரூர்ப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள், ஏரியைக் காக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தையும், இன்னும் பல வாரியங்களையும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதியை விவரிக்கின்றன. பதவிக்காலம் 360 நாள். அந்த விதிகளுள் என்னை மிகவும் கவர்ந்தது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதுபோனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்பதே. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் இந்த விதிக்கு ஒரு திருத்தம்கூடத் தேவைப்படவில்லை. நான் கண்டவரையில், மாதந்தோறும் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடும் கட்டடங்களில் பாக்கி நிற்பதே அபூர்வம்.

காவேரிப் படுகையில் வாய்க்கால் தூர்வாருவது குடிமராமத்தாக நடந்த காலத்திலும் வராமல் ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பில் இரு மடங்கு கட்டவேண்டும் என்று 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. பராமரிப்பின் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. அதன் தோல்வி மட்டுமே தெரியும். 1830-களில் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போனபோதுதான், அதுவரை தினமும் அந்தப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த நாம் அதன் வயதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

செலவைப் பங்கிடும் முறை பற்றி என் அபிப்பிராயம் இது: வாட்ச்மேன், துப்புரவு, பொதுவிளக்கு இவற்றை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவும், தூண், மொட்டைமாடி, வெளிப்பூச்சு இவற்றைப் பத்திரத்தில் கண்ட பாகத்தின்படியும் வசூலிப்பதே நியாயம். லிப்டின் தினசரி மின்சாரத்தில் கீழ்த்தளத்துக்கு ஓரளவு சலுகை தரலாம். லிப்டையே மாற்றும்போது தரலாகாது, ஏனெனில் லிப்டு இல்லாத கட்டடத்தில் அவருடைய பாகத்தின் விலையும் இறங்கிவிடும். இவற்றைவிட அவசரமானது கார்பஸ் நிதி. தொண்ணூறுகளில் எழுந்த கட்டடங்களுக்கு இப்போது பெரிய மராமத்துக்குரிய வயது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ள வழி செய்கிறது. ஆனால் எழுபத்தைந்து வயதில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வாடகை வீடு தேடிப் போகும் தெம்பு எங்கள் கட்டடத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? சென்ற ஜெனரல் பாடிக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து போனில் பேசிய இரண்டு பூட்டிய வீட்டுக்காரர்களும் சம்மதிக்க, மாதத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனி வைப்புக் கணக்கில் போடுவதென்று தீர்மானமாயிற்று. அதிலிருந்து முதல் செலவு, மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் தூண்களுக்கு.