ஸ்கூட்டரை உண்மையில் வாங்குபவர் யார்?

ஒரு ஸ்கூட்டர் சந்தையில் தோற்றுப்போனால் அதன் பழியை இயந்திரத்தின் மீதோ விளம்பரத்தின் மீதோ சுமத்திவிடுவது வழக்கம். குடாநாட்டில் மூன்று தசாப்தங்களாகச் செய்தி தேடி அலைந்தவன் என்ற வகையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே ஸ்கூட்டரை ஓட்டுபவர் ஒருவர். அதை வாங்குவதா விடுவதா என்று தீர்மானிப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவர் பெரும்பாலும், சந்தியில் எண்ணெய்க்கறை படிந்த சாரத்துடன் குந்தியிருக்கும் கராஜ்காரர்தான். "அண்ணை, இது சரிவருமோ?" என்ற கேள்விக்கு அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால், காட்சியறையில் எவ்வளவு பளபளப்பாக நின்றாலும் அந்த வண்டியின் கதை முடிந்தது.

இந்த எச்சரிக்கை உணர்வு வீணாக வந்ததன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின்னர் பெற்றோல் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருளானது. அக்காலத்தில் எம்மைச் சுமந்தவை ஹொண்டா எம்.டி. 90 போன்ற பழைய மோட்டார் சைக்கிள்கள். யப்பானில் தபால் விநியோகத்துக்கென்று செய்யப்பட்ட அந்த வண்டி, இங்கே மண்ணெண்ணெயில் ஓடியது. சிறு போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குக் காட்டி, உதைத்து எழுப்பி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் சைக்கிளில் வருபவர் புகையில் திணறுவார். அந்த ஆண்டுகளில் ஒரு வண்டியின் பெருமை அதன் வேகத்தில் இருக்கவில்லை. திறந்து பார்க்க முடியுமா, இன்னொன்றின் பாகத்தைக் கழற்றி இதற்குப் பூட்ட முடியுமா என்பதே பேச்சு. அப்படிப் பேசிப் பழகிய தலைமுறைதான் இன்று பிள்ளைகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கிறது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. இந்தியத் தயாரிப்புகள் வந்திறங்கின. அவற்றுள் ரி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் எமது பெண்களிடம் பெற்ற இடத்தை வேறெதுவும் அவ்வளவு எளிதில் பெறவில்லை. சிறிய இயந்திரம், கண்டியின் ஏற்றங்களில் மூச்சு வாங்கியிருக்கும். ஆனால் மலையென்று ஒன்றையே காணாத எமது தரைக்கு அது தாராளமாகப் போதும். ஒழுங்கை மணலில் சறுக்கினாலும் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். சேலையுடன் ஏறலாம். முன்பலகையில் அரிசி மூட்டையோ எரிவாயு சிலிண்டரோ, சில வேளைகளில் (பொலிஸார் மன்னிக்க) முன்பள்ளிக்குப் போகும் பிள்ளையோ நிற்கலாம். ஆசிரியையும் தாதியும் பேருந்துக்குக் காத்திராமல் வேலைக்குப் போனது பெரிய சமூக மாற்றம். அதைப் பற்றி நாம் பத்திரிகைகளில் எழுதியது மிகக் குறைவு.

இனி இந்தப் புதிரைப் பாருங்கள். ஹொண்டாவின் அக்டிவாவும் டியோவும் ஏறத்தாழ ஒரே இயந்திரத்தைக் கொண்டவை. இந்தியாவில் 2001 இல் வந்த அக்டிவா ஸ்கூட்டர்களின் அரசியாயிற்று. இலங்கையிலோ வீதியெங்கும் டியோ. இயந்திரம்தான் காரணமென்றால் இது எப்படி நடக்கும்? முதலில் ஒரு கூட்டம் ஒரு வண்டியை வாங்குகிறது. உதிரிப்பாகக் கடைக்காரர் அதற்கு முதல் போடுகிறார். கராஜ்காரரின் கை அதற்குப் பழகுகிறது. பழைய வண்டிக்கும் நல்ல விலை கிடைக்கிறது. பிறகு வருபவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குகிறார். இரண்டாவதாக வருகிற வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தச் சுழலுக்குள் நுழைவது கடினம்.

பெரிய பெயரும் காப்பாற்றாது. சேதக் ஸ்கூட்டருக்காக இந்தியர்களைப் பல ஆண்டுகள் காத்திருக்க வைத்த பஜாஜ், கியர் இல்லாத கிறிஸ்டலைக் கொண்டுவந்து எடுபடாமல், 2009 இன் இறுதியில் ஸ்கூட்டர் தொழிலையே விடுவதாக அறிவித்தது. சேதக் என்ற பெயர் 2020 இல் மின் ஸ்கூட்டராகத்தான் திரும்பி வந்தது. ஹொண்டா 2016 இல் விட்ட நவி, ஸ்கூட்டரின் இயந்திரத்துக்கு மோட்டார் சைக்கிளின் உருவம் கொடுத்தது. இளைஞருக்கு அது மோட்டார் சைக்கிளாகவும் தெரியவில்லை, குடும்பத்துக்கு ஸ்கூட்டராகவும் உதவவில்லை. நான்கே ஆண்டுகளில் இந்தியச் சந்தையிலிருந்து போய்விட்டது.

எமது நாட்டில் தவறான தெரிவின் சுமை விற்றவர் தலையில் விழுவதில்லை. தாலிக்கொடியை அடகு வைத்து முற்பணம் கட்டி, மீதியை லீசிங்கில் எடுத்த குடும்பத்தின் தலையில் விழுகிறது. பாகம் கிடைக்காமல் வண்டி வீட்டு விறாந்தையில் நிற்கும். மாதத் தவணை நிற்காது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்தபோது, ஊரெங்கும் ஓடும் வண்டியை வைத்திருந்தவர் பழையதைக் கழற்றிப் பூட்டியாவது சமாளித்தார். அரிய வண்டியை வைத்திருந்தவருக்கு அந்த வழியும் இல்லை.

மின் ஸ்கூட்டர்களுக்கு 2022 இல் ஒரு பொற்காலம் வந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். அட்டையில் அளந்து கொடுத்த ஆண்டு அது. ஆனால் அதே ஆண்டு மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு! சூரிய ஒளிக்குப் பஞ்சமில்லாத இந்தச் சமதரைக்கு மின் ஸ்கூட்டரைப் போலப் பொருத்தமான வாகனம் வேறில்லை என்பது என் எண்ணம். இருந்தும் சனங்கள் தயங்குகிறார்கள் என்றால், பற்றரி செத்தால் என்ன செலவு என்று அவர்களுக்கு எவரும் நேராகச் சொல்வதில்லை. கராஜ்காரருக்கும் தெரியாது, ஆகவே அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

விற்க வருகிற நிறுவனங்கள் நடிகைகளின் பதாகைகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை வேறிடத்தில் செலவிடட்டும். வண்டியின் விலைக்குப் பக்கத்திலேயே புதிய பற்றரியின் விலையையும் எழுதித் தொங்கவிடட்டும். கொடிகாமத்திலும் பருத்தித்துறையிலும் சங்கானையிலும் இருக்கிற கராஜ்காரர்களை அழைத்து, தேநீரும் வடையும் கொடுத்து, ஒரு நாள் அந்த வண்டியைக் கழற்றிப் பூட்ட விடட்டும்.