சொந்தக் கணக்கைப் பார்க்கக் காசா?

வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டால் முதலில் கேட்பது ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் போய்க் கேட்டால், "டூப்ளிகேட்டா? சார்ஜ் ஆகும்" என்கிறார்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு! போட்டதோ அவர் பணம். கணக்கைக் காட்டக் கூலியா?

சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்குக்கோ, மாத ஸ்டேட்மெண்டுக்கோ காசு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2006-லேயே சொல்லிவிட்டது. மறுபடி அச்சடித்துத் தரச் சொன்னால்தான் கட்டணம்.

தப்பிக்க வழி இருக்கு. செல்போன் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ ஸ்டேட்மெண்டை இறக்கிக்கொண்டால் பெரும்பாலும் செலவில்லை. கடன் தரும் வங்கி அதை ஏற்குமா, முத்திரை வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் ஆப் பழக்கமில்லாத சின்னக் கடைக்காரருக்கு? கவுண்டர்தான் கதி. வசதி தெரிந்தவனுக்கு இலவசம், தெரியாதவனுக்குத் தண்டம் என்பது என்ன நியாயம்? கடன் மனுவுக்கென ஒரு பிரதியாவது இலவசமாகத் தரட்டுமே!

தப்பாக வசூலித்தால் வங்கியிலேயே எழுதிக் கொடுக்கணும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது!