காஞ்சனபுரியின் போர்க் கல்லறைகள்

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், ரயில் நிலையத்துக்கு அருகே, இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்கு இதுவே நினைவிடம்.

1942-இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியது. அங்கிருந்த படைகளுக்கு மலாக்கா நீரிணை வழியாகச் சரக்கு அனுப்பினால், நேச நாட்டு நீர்மூழ்கிகள் தாக்கின. எனவே காட்டையும் மலையையும் வெட்டிப் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் பணி முடிந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் சுமார் 13,000 பேர் பசி, காலரா, மலேரியா, அடி உதை ஆகியவற்றால் இறந்தனர்.

போர் முடிந்ததும், பாதையோர முகாம்களில் புதைக்கப்பட்டிருந்த உடல்கள் மூன்று இடங்களில் சேர்க்கப்பட்டன: காஞ்சனபுரி, அருகிலுள்ள சுங்கை, பர்மாவின் தான்பியூசயாத். அமெரிக்கர்களின் உடல்கள் மட்டும் தாய்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று கைதிகள் காவலருக்குத் தெரியாமல் எழுதி மறைத்துவைத்த குறிப்புகள், இந்தத் தேடலுக்குப் பெரிதும் உதவின. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டு குழிகளில் இருக்கிறது. அவர்களின் பெயர்கள் அங்குள்ள மண்டபத்தின் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

தோட்டத்தைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-இல் தொடங்கிய அந்த அமைப்பின் அடிப்படை விதி, பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வது. அதனால் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இங்கே ஒரே அளவு கல்தான். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியவற்றோடு குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரியும் பல கற்களில் உண்டு.

இந்தச் சமத்துவம் படைவீரர்களோடு நின்றுவிடுகிறது. இதே ரயில்பாதை வேலைக்கு மலாயா, பர்மா, ஜாவா ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளரில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் ரயிலேற்றப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். போர்க்கைதிகளுக்குப் படைப்பதிவு இருந்தது, தேடிவர ஒரு ராணுவம் இருந்தது. கூலிகளுக்கு இரண்டும் இல்லை. பலரும் காட்டிலேயே மொத்தமாகப் புதைக்கப்பட்டனர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அவர்களின் கதையைத்தான் சொல்கிறது.

காஞ்சனபுரிக்குச் செல்லும் தமிழர்கள், கல்லில் பெயருள்ளவர்களுக்கு அஞ்சலி செலுத்தும்போது, பெயர் பதியப்படாமல் போன இவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.