திருவிழாவுக்கு மட்டுமா எங்கள் கடல்?



இறுப்பிட்டிக்குப் பக்கத்தில்தான் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சனம் ஏறி இறங்குவது இங்கேதான். நாகபூசணி அம்மன் திருவிழாவென்றால் விசேட படகு, விசேட பஸ், தண்ணீர்ப் பந்தல், முதலுதவிக் கொட்டில் எல்லாம் வரும். நாக விகாரைக்குத் தென்னிலங்கைச் சனம் வரும் நாட்களிலும் அப்படித்தான். வரட்டும், சந்தோசம். யாத்திரிகர்களோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

எங்கள் கேள்வி வேறு. திருவிழா முடிந்த அடுத்த நாள் அந்த ஏற்பாடெல்லாம் எங்கே போகிறது? காலையில் படிப்பிக்கப் போகும் ரீச்சர், கிளினிக் துண்டோடு நிற்கும் அம்மா, யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் பிள்ளை, இவர்கள் சனம் இல்லையா? பின்னேரக் கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்றைக்கு வீடு இல்லை. காற்றுக் காலத்தில் படகு ஓடுமா என்று துறைக்கு வந்த பிறகுதான் தெரியும். உயிர்காப்பு அங்கி எத்தனை பேர் உடம்பில் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேட்டால் ஒரே பதில்: "அங்கே சனம் குறைவு."

சனம் ஏன் குறைந்தது? 1985 மே 15இல் குமுதினிப் படகில் போனவர்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களாகிய எங்களை விரட்டினார்கள். 1991இல் புங்குடுதீவே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்களையும் படகும் பஸ்ஸும் இல்லாமல் மறுபடி ஊரை விட்டுப் போக வைத்துவிட்டு, சனம் இல்லை என்பது என்ன நியாயம்? படகு இல்லாததால் சனம் போகுது, சனம் போனதால் படகு இல்லை. இந்த வட்டத்தை யாராவது ஒரு இடத்தில் வெட்டத்தானே வேண்டும்?

எங்களையும் விட்டுவைக்கக் கூடாது. கனடா, லண்டன், பாரிஸ் காசு வந்தால் கோபுரம் உயருது, தேவாலயத்துக்குப் பெயின்ற் அடிபடுது, பள்ளிவாசலுக்கு மாபிள் வருது. மழைக்குள் படகுக்கு நிற்கும் பிள்ளைக்கு நாலு தகரம் போட யாரும் இல்லை. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று எங்கள் நபிகள் (ஸல்) சொல்லித் தந்தார்கள். தீவானுக்குப் பாதை கடல்தானே!

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அல்ல. துறையில் எல்லோரும் வாசிக்கிற மாதிரி நேர அட்டவணை. ஏறும் ஒவ்வொருவருக்கும் அங்கி. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் படகை நிறுத்த ஒரு ஆள். கடைசிப் படகு யாழ்ப்பாண பஸ் வந்து சேர்ந்த பிறகு புறப்பட வேண்டும். இரவில் வருத்தக்காரரை ஏற்ற எப்போதும் ஆயத்தமாக ஒரு படகு.

வாக்குக் கேட்டு வருகிறவர்களும் இதே துறையில்தான் படகு ஏறுகிறார்கள். அடுத்த முறை வரும்போது மாலையைக் கையில் எடுக்க முன்னம் இந்த ஐந்தையும் கேளுங்கள். பதில் வந்த பிறகு மாலை போடலாம்.