தீர்ப்பு வந்த பிறகும் நிதி வேண்டும்

பிரித்தானியாவில் புகலிடம் கோருவோரைத் தங்கவைப்பது, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சின் பொறுப்பு. வீடு பிடிக்கும் வேலையை அமைச்சு செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் ஆகிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சமூகப் பணியாளர், பின்னாளில் வீடற்றுப் போனால் தங்குமிடம் என மற்றவை பெரும்பாலும் கவுன்சில்களின் தலையில்தான். எல்லாப் பகுதிகளும் பங்கேற்க வேண்டும் என்று 2022இல் அறிவித்த அரசு, புதிய படுக்கை ஒன்றுக்கு 3,500 பவுணும் ஏற்கெனவே தங்கியிருந்த ஒருவருக்கு 250 பவுணும் கொடுத்தது. அதே ஆண்டில், உபசரிப்போர் வீடுகளில் தங்கவைக்கும் திட்டத்தில் வந்த உக்ரைனியர் ஒருவருக்காகக் கவுன்சிலுக்குக் கிடைத்தது 10,500 பவுண். வீட்டுச் சோதனை போன்ற கூடுதல் வேலைகள் அத்திட்டத்தில் இருந்தன. ஆனால் உக்ரைனியர் உடனே வேலைக்குப் போகவும் முடிந்தது. இத்தனை பெரிய இடைவெளிக்கு நியாயம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

தொகையைவிட மோசமானது அது நின்றுவிடும் இடம். படுக்கைக் கணக்கில் வரும் மானியம், விண்ணப்பத்துக்குத் தீர்ப்பு வரும்வரையான காலத்தையே பார்க்கிறது; கவுன்சிலின் பெருஞ்செலவோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. அகதி அந்தஸ்து கிடைத்தவர் வழக்கமாக 28 நாளில் அமைச்சின் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அதற்குள் வேலை, முன்பணம், வாடகை வீடு எல்லாம் யாருக்குக் கைகூடும்? தேங்கிய விண்ணப்பங்களை 2023இல் அரசு வேகமாக முடித்தது சரியான காரியமே. அந்த வேகத்தின் செலவு கிளாஸ்கோவில் இறங்கியது. ஸ்காட்லாந்தில் 2012 முதல், தனியாக வாழும் திடகாத்திரமானவருக்கும் வீடற்றவர் என்ற முறையில் தங்குமிடம் பெறும் உரிமை உண்டு. 2023 நவம்பரில் கிளாஸ்கோ கவுன்சில் வீட்டு நெருக்கடியை அறிவித்தபோது இந்த விரைவுத் தீர்ப்புகளையும் காரணமாகச் சொன்னது. துணையின்றி வரும் சிறுவர்கள் விஷயத்திலும் இதே கோளாறுதான். உயர்ந்த விகிதத்தில் ஓர் இரவுக்கு 143 பவுண், அதாவது வாரத்துக்கு ஆயிரம் பவுண் அளவில் வந்த நிதி, 18 வயதானதும் 270 ஆகச் சுருங்குகிறது. இங்கிலாந்தில் அந்த இளைஞர் மீதான கவுன்சிலின் கடமை 25 வயதுவரைகூட நீளலாம்.

மானியத்தைக் கூட்டினால் வருவோரும் கூடுவர் என்கிறார்கள். கவுன்சிலுக்குப் போகும் பணம் எவருடைய கைக்கும் வருவதில்லை; படகேறுபவர் மானிய அட்டவணை பார்த்து ஏறுவதுமில்லை. உள்ளூர் வரிப்பணம் உள்ளூர்வாசிகளுக்கே என்ற வாதம் கனமானது. ஆனால் அது எங்கள் கோரிக்கைக்கே வலுச் சேர்க்கிறது: சட்டக் கடமையைக் கவுன்சில் தட்ட முடியாது, மத்திய நிதி வராதபோது தற்காலிக விடுதிச் செலவு அந்த வரிப்பணத்திலிருந்துதான் போகும். ஆகவே அந்தஸ்து கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு ஆள்வாரி மானியமும், பராமரிப்பிலிருந்து வெளிவரும் இளைஞருக்கு உண்மைச் செலவுக்கு ஈடான தொகையும் வேண்டும். பணம் வேறு துறைகளுக்குத் திரும்பிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. தனிக்கணக்கு வைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையை, கவுன்சில்கள் முணுமுணுத்தாலும், நாங்கள் ஆதரிப்போம்.