பர்மிட் வாங்கியாச்சு, காற்றைப் பார்த்தாச்சா?

பொட்டிப்புரத்தில் நின்று மேற்கே பார்த்தால் போடி மேற்கு மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்திகளில் அடிபட்ட அதே பகுதிதான். அங்கிருந்து சற்று வடக்கே, அதே மலைத்தொடரில் இருக்கிறது குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலை வழித்தடத்தில் சென்ற ட்ரெக்கிங் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் ஐடி ஊழியர்கள், இளைஞர்கள்.

அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கி, 40 பாதைகளுக்கு ஆன்லைனில் புக் பண்ணும் வசதியும் வந்துவிட்டது. வழிகாட்டி கூடவே வருவார். தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடவும் செய்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் காலண்டரைப் பார்த்தா புல் காய்கிறது? மழை முன்னதாகவே நின்றுபோன வருடத்தில், பாதை மூடும் தேதிக்கு முன்பே சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும்.

மலையில் கவனிக்க வேண்டியவை மூன்று: சரிவு எவ்வளவு செங்குத்து, காற்று எந்தப் பக்கம், சரிவின் மேல் என்ன கிடக்கிறது. வெயில் ஏற ஏற மலைமுகம் சூடாகி, காற்று கீழிருந்து மேலே வீசும். தீயும் அதோடு சேர்ந்து ஏறும். சரிவில் தீப்பிழம்பு மேல்பக்கம் சாய்வதால், முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கி, உலர்த்திக்கொண்டே வருகிறது. அதனால் சமதளத்தைவிட ஏற்றத்தில் தீ பல மடங்கு வேகமாக ஓடும். கீழே புகையைப் பார்த்ததும் மேலே ஓடத் தோன்றும். அந்த ஓட்டத்தில் மனிதர் ஜெயிப்பது அபூர்வம். பக்கவாட்டில் விலகி, பாறைவெளிக்கோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ போவதே மேல். ஓடைப் பள்ளம் பாதுகாப்பாகத் தெரியும். அது வறண்டு கிடந்தால் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும்.

லீவு போட்டு இமயமலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான், புல்லுக்குப் பதில் பனி. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, முகட்டின் மறுபக்கம் கொட்டும். அங்கே பலகை போல இறுகும் பனி, 30 முதல் 45 டிகிரி சரிவில் ஆள் கால் வைத்தாலே பெயர்ந்துவிடலாம். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டாவில் பனிச்சரிவு 27 பேரைப் பலிகொண்டது. அவர்கள் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவில் சென்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இமயமலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை வெளியாகிறது. காட்டுத்தீக்கு டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் கடந்துபோகும் நேரத்தில் எரிந்தால்தான் அது தெரியும். கிளம்பும் காலையில் புல் எப்படி, காற்று எப்படி என்பதை அந்தச் சரிவை அறிந்தவர்தான் சொல்ல முடியும். காற்றாலைகள் சுழலும் தேனி மாவட்டத்தில் காற்றைப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்களுக்கா பஞ்சம்?

அன்றைய நிலவரத்தை புக்கிங் பக்கத்திலேயே தினமும் காலையில் போட வேண்டும். 'இன்னைக்கு வேண்டாம்' என்று வழிகாட்டி சொன்னால் அதுவே இறுதி. கட்டிய பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்த 15 பேர், "இவ்வளவு தூரம் வந்துட்டோமேண்ணே" என்று கெஞ்சும்போது, தினக்கூலிக்கு வந்த ஒரு வழிகாட்டியால் எத்தனை முறை மறுக்க முடியும்?