களஞ்சியம் யாருடையது?

அண்மைக் காலமாக நம்மிடையே ஒரு வாதம் செல்வாக்குப் பெற்று வருகின்றது. கணினித் தொழில் புரிவோரும் அதனைப் பயிலும் மாணவரும் ஐயம் எழுந்தவிடத்து இணையத்தை நாடுகின்றனர், விடை கிடைக்கின்றது, வேலை முடிகின்றது. அவ்விடையை எழுதியவர் யார், அது சேர்த்து வைக்கப்பட்டுள்ள களஞ்சியம் யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் கேட்பானேன் என்பதே அவ்வாதம். தண்ணீர் கிடைத்தாற் போதும், கிணறு எவருடையதாயிருந்தால் என்ன என்று கேட்பதற்கு ஒப்பானது இது. பொதுக் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்த மண்ணைச் சேர்ந்த நாம், இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை.

ஸ்டாக் ஓவர்புளோ என்னும் தளத்தின் கதையை நோக்குவோம். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்தளத்தில், நிரல் எழுதுவோர் தமக்கு நேர்ந்த சிக்கல்களைக் கேள்விகளாக முன்வைத்தனர். அதே தொழிலிலுள்ள பிறர் விடை எழுதினர். நல்ல விடை வாக்குகளால் மேலே உயர்ந்தது. குறையுள்ள விடை திருத்தப்பட்டது. கேட்ட கேள்வியே மீண்டும் வந்தால், முந்திய விடைக்கு வழி காட்டப்பட்டது. இத்தனைக்கும் கூலி கிடையாது. மதிப்புப் புள்ளிகளும் பதக்கச் சின்னங்களுமே எழுதியோர் பெற்றவை. இவ்வாறு கோடிக்கணக்கான விடைகள் திரண்டன. 2021ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த புரோசஸ் நிறுவனம் இத்தளத்தை 180 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. விற்றவர் பெற்றது இது. எழுதியவர் பெற்றது யாது?

தளத்தை நடத்துவதற்குப் பணம் வேண்டும், ஊழியர் வேண்டும் என்பர். உண்மையே, நாம் அதனை மறுக்கவில்லை. ஆயின், களஞ்சியத்துக்குக் கூரை வேய்ந்தவன் உள்ளிருக்கும் நெல் முழுவதற்கும் உரிமை கோரலாமா என்பதே கேள்வி. விடைகள் யாவும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் எழுதப்பட்டவை. எழுதியவர் பெயரைச் சுட்டி, அதே நிபந்தனையுடன் எவரும் அவற்றைப் படியெடுக்கலாம். அதற்கேற்ப, தளத்தின் முழுத் தொகுப்பும் காலத்துக்குக் காலம் வெளியிடப்பட்டு வந்தது. 2023ஆம் ஆண்டில் அவ்வெளியீடு நிறுத்தப்பட்டது; எழுதியோர் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே மீண்டது. 2024ஆம் ஆண்டில் ஓப்பன் ஏஐ நிறுவனத்துடன் அக்கொம்பனி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பல்லாயிரவரின் உழைப்பு, செயற்கை அறிவு இயந்திரத்துக்குத் தீனியாகும் சரக்காயிற்று.

வெகுண்ட சிலர் தம் விடைகளைத் தாமே அழிக்க முற்பட்டனர். நிருவாகம் அவற்றை மீட்டெடுத்ததுடன், அழித்தோர் சிலரைத் தற்காலிகமாக விலக்கியும் வைத்தது. அவர்களது சினம் நியாயமானது. எனினும் அவர்கள் சென்ற வழியை நாம் ஆதரிக்க முடியாது. நிலக்கிழார் மீதுள்ள கோபத்தினால் விளைந்த பயிருக்குத் தீ வைத்தால் பட்டினி கிடப்பவன் யார்? நாளை அதே சிக்கலில் அகப்பட்டு விடை தேடி வரும் முகமறியாத் தொழிலாளியே.

வேறு வழி உண்டு. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதி வந்தோர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் எதனையும் அழிக்கவில்லை. கட்டுரைகளைப் படியெடுத்துக்கொண்டு வெளியேறி, செவில் பல்கலைக்கழகத்தின் துணையுடன் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றை நிறுவினர். உரிமம் அதற்கு இடமளித்தது. விக்கிப்பீடியாவில் வணிக விளம்பரம் இராதென அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் இலாப நோக்கற்ற நிறுவனமொன்று அதன் பொறுப்பை ஏற்றது. முழுவதையும் படியெடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பொதுச் சொத்தின் உண்மையான காவல் அவ்வுரிமையே. அதனை இழந்த பின், பொதுமை பற்றிப் பேசுவது வெறும் அலங்காரம்.

இயந்திரமே விடை சொல்லும் இக்காலத்தில் களஞ்சியம் எதற்கு என்று வினவும் அறிவாளரும் உளர். இயந்திரம் எங்கிருந்து கற்றது? மனிதர் எழுதி வைத்தவற்றிலிருந்தன்றோ! நாளை புதிதாய்த் தோன்றும் ஒரு வழுவை முதலில் எதிர்கொண்டு, முயன்று, தவறி, தீர்வு கண்டு எழுதி வைக்க ஒருவர் வேண்டும். எல்லோரும் எடுப்போராகி எழுதுவோர் அற்றுப்போனால், இயந்திரமும் பழங்கதையையே திரும்பத் திரும்ப ஓதும்.

எமது மொழியிலும் கூட்டுழைப்பின் சுவடுகள் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டமும் பலரது கைகளால் வளர்ந்தவை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளா வகையில் அழிந்தன. அறிவை ஓரிடத்தில், ஒருவர் கையில் விட்டுவைத்தலின் விலையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே, தொழில்நுட்ப அறிவைத் தமிழில் திரட்ட முன்வரும் இளைஞர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. முதற்சொல்லை எழுதுமுன் உரிமத்தை உறுதிசெய்யுங்கள். முழுத் தொகுப்பும் பல இடங்களில், எவரும் எடுக்கத்தக்கதாய் இருக்கட்டும். நிருவாகம் எழுதுவோருக்குப் பொறுப்புக் கூறுவதாய் அமையட்டும். அதன்மேல், எடுத்த ஒவ்வொருவரும் ஒன்றையேனும் எழுதி வைக்கட்டும். பலர் உழைப்பில் விளைந்தது பலருக்கும் உரியதாய் நிலைக்க இதுவன்றி வேறு மார்க்கம் இல்லை.